சாவி இருந்த ஓட்டை

எங்கள் கார் எந்தக் கம்பெனியிலும் பிறந்ததில்லை. பழைய ஜீப்பின் அடிச்சட்டத்தில் ஒரு வேனின் டீசல் எஞ்சினை ஏற்றி, தகரம் வெட்டி, வெல்டிங் வைத்து, என் வீட்டுக்காரர் வாசலிலேயே கட்டிய வண்டி அது. கட்டியவர் அவர், ஓட்டுவது நான். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கல். மலையில் ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் ஊர்ப் புளியும் சாமையும் ஒடுகத்தூர் சந்தைக்கு இறங்குவது அந்த வண்டியில்தான். எங்கள் பிழைப்பும் அதுதான்.

போன வருஷம் புளி உலுக்க மரமேறி விழுந்தேன். வலது தோள் முறிந்து, கோணலாகக் கூடிக்கொண்டது. கட்டுப் பிரித்த பிறகு வண்டியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தேன். கால்வாசிகூடத் திரும்பவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. வலிக்காக மட்டும் அழவில்லை. இனிமேல் ஓட்டவே முடியாதோ என்ற பயம் அன்றைக்கே என்னைப் பிடித்துக்கொண்டது.

அவர் சும்மா இருப்பவரா? வேலூர்ப் பக்கம் ஒரு காயலான் கடையில், நொறுங்கிப்போன சின்னக் காரிலிருந்து கரண்டில் ஓடும் பவர் ஸ்டீயரிங்கைக் கழற்றி வாங்கி வந்தார். ஸ்டீயரிங் கம்பியோடு சேர்ந்த ஒரு மோட்டார், ஒரு பெட்டி, கொத்தாகக் கொஞ்சம் ஒயர். நீ கொஞ்சம் திருப்பினால் மீதியை அது திருப்பிவிடும் என்றார். எனக்கு அந்த மீதிதான் பிடிக்கவில்லை. எவ்வளவு மீதி என்று அதுவே முடிவு பண்ணுமாம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் என்று போகிற பாதையில் முடிவை ஒரு மோட்டாரிடம் விட எனக்கென்ன பைத்தியமா?

பொருத்தி முடித்ததும் எஞ்சினைக் கிளப்பினார். ஸ்டீயரிங்கை யாரும் தொடவில்லை. அது தானாகவே இடது பக்கம் சுழன்று, கடைசிவரை போய் முட்டிக்கொண்டு நின்றது. கழற்றிப் போடுங்கள் என்றேன். நடு எது என்று அதற்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று சிரித்தார். ஒடுகத்தூர் எலக்ட்ரீஷியன் ஒருவரைப் போனில் நச்சரித்துக் கேட்டு, எப்படியோ அதற்கு நடுவைக் காட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு அது தானாக அசையவில்லை. ஒரு விரலால் திருப்பினேன், திரும்பியது. கைக்குச் சந்தோஷம், மனசு மட்டும் அடங்கவில்லை.

முதல் தடவை இறங்கும்போது ஆள் யாரையும் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். போனால் நாங்கள் இரண்டு பேரும் புளி மூட்டைகளும் போகட்டும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மலையில் இறக்கத்தில் எஞ்சினை ஓடவிட்டால் ஊதாரி என்பார்கள். நியூட்ரலில் தள்ளி, சாவியை அணைத்து, வண்டியை உருளவிடுவோம், டீசல் மிச்சம். எங்கள் வண்டியில் சாவி நடுவில் இருந்தது, இருவருக்கும் எட்டும்படி. இறக்கம் தொடங்கும் இடத்தில் உள்ள பெரிய பாறையைத் தாண்டியதும் நான் கியரைத் தள்ளுவேன், அவர் சாவியைத் திருப்புவார். வருஷக்கணக்காகப் பேச்சே இல்லாமல் நடந்த வேலை. பிரேக் பழைய ஜீப்புடையது, கால் பலத்தில் பிடிப்பது. எஞ்சின் நின்றாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பழைய ஸ்டீயரிங்கும் அப்படித்தான்.

அன்றும் பாறை வந்தது. என் கவனமெல்லாம் ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறதா என்பதில்தான். என் இடது கை கியரைத் தள்ளியது எனக்கே தெரியாது. அவர் கை சாவியைத் திருப்பியது அவருக்கும் தெரியாது. எஞ்சின் சத்தம் நின்றது, பழகிய அமைதிதான். அடுத்த வளைவில் இடது பக்கம் திருப்பினேன். திரும்பவில்லை. சாவி அணைந்ததும் கரண்ட் போன மோட்டாரையும் சேர்த்து இழுக்க வேண்டியிருந்ததால் முன்பைவிடக் கனம். தோளில் ஆணி இறங்கிய மாதிரி இருந்தது. வண்டியோ வேகமெடுத்துக்கொண்டிருந்தது. எதிரே, பள்ளத்தில் வளர்ந்த மரங்களின் உச்சி என் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

“ஏங்க, திரும்பலங்க” என்றேன்.

அவர் பாய்ந்து, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். நான் பிரேக் மேல் ஏறியே நின்றேன். வண்டி பாறைச் சுவரில் உரசிக்கொண்டே போய் நின்றது. அவர் பக்கத்துத் தகரம் முழுக்கக் கிழிந்திருந்தது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவர் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தாம்மே ஆஃப் பண்ட்டேன்.”

“கியரத் தள்னது நான்தாங்க.”

அவர் சாவியை உருவி என் மடியில் வைத்தார்.

இப்போது சாவி என் கதவுப் பக்கம் இருக்கிறது. பழைய இடத்தில் ஒரு ஓட்டை மட்டும். ஆனாலும் பாறை வந்தால் அவர் கை அந்த ஓட்டைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். என் கையும் கியரில் துடிக்கத்தான் செய்கிறது. மோட்டார் மேல் இருந்த பயம் போய்விட்டது. எங்கள் கைகள் மேல் வந்த பயம் போகவே மாட்டேன் என்கிறது. அதனால் பாறை தெரிந்ததும் அவர் தன் கையை என் இடது கை மேல் வைத்து, இரண்டாவது கியரோடு சேர்த்து அழுத்திக்கொள்கிறார். ஒவ்வொரு தடவையும் அவர் உள்ளங்கை வேர்த்திருக்கும். அந்த வளைவில் நான் ஒற்றைக் கையால் திருப்புகிறேன், முறிந்த தோளுள்ள அந்தக் கையால்.