மச்சான் வேனும் டேப்பெட் சத்தமும்

ஊரான் வண்டி ரிப்பேருன்னா இன்ஜினைத்தான் பிரிக்கணும். சொந்தக்காரன் வண்டி ரிப்பேருன்னா நம்மளையே பிரிச்சுப் போட்டுடுவாங்க. மச்சான் வேனையோ மாமனார் காரையோ ஷெட்டுக்குள்ள விட்டுட்டு முழி பிதுங்கி நின்ன மெக்கானிக்குகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. மத்தவங்க புண்ணியம் பண்ணவங்க, மேல படிங்க.

புது கேம்

2011, லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறக்கப் போற நேரம். என் சம்சாரத்தோட அண்ணன் சவரிமுத்து, கடலூர் ஓ.டி.யில, அதான் பழைய டவுன்ல, ஒரு டீசல் வேன் வெச்சு கான்வென்ட்டு பிள்ளைங்களை ஏத்திட்டு இருந்தார். அந்த ஒரு ட்ரிப்பை நம்பித்தான் வீட்டுல அடுப்பு எரிஞ்சுது. இன்ஜின்ல சத்தம் ஜாஸ்தின்னு சிதம்பரத்துல இருக்குற என் ஷெட்டுக்குக் கொண்டாந்தார். வால்வுகளைத் தொறந்து மூட வைக்குற கேம் ஷாஃப்ட் தேஞ்சு போயிருந்துச்சு. புதுசு போட்டேன். வண்டி நல்லாத்தான் ஓடுச்சு.

மச்சான் பானெட்டுல காதை வெச்சார். "டிக் டிக்னு ஏதோ கேக்குதே?"ன்னார். "அது டேப்பெட் மச்சான். வால்வுக்கு மேல நூலளவு சந்து விடணும், அந்தச் சத்தம் இருந்துதான் ஆகணும்"னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு சொன்னார்:

"சத்தம் போகணும்னுதானய்யா வண்டியையே கொண்டாந்தேன்!"

ரயில்வே கேட்

ஸ்கூல் தொறந்த கொஞ்ச நாள்ல மச்சான்கிட்ட இருந்து போன் வந்துச்சு. திருப்பாப்புலியூர் கேட்டுல இன்ஜினை ஆஃப் பண்ணியிருக்கார். ரயில் போயிடுச்சு, கேட்டும் தொறந்துடுச்சு, வேன் மட்டும் கிளம்பல. காலையில ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகுமாம். சூடான பிறகு ஆஃப் பண்ணா போச்சாம். யூனிபார்ம் போட்ட பிள்ளைங்க இறங்கி, வேனைத் தள்ளிக்கிட்டே ஸ்கூலுக்குப் போயிருக்குதுங்க.

கான்வென்ட்டை நடத்துற பெரிய சிஸ்டர் பார்த்துட்டாங்க. இன்னும் ஒரு தடவை நின்னா வேற வேன் வெச்சுக்குறோம்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்களாம். மச்சான் குரல் உடைஞ்சு போச்சு.

"முன்னாடி சத்தமாவது போட்டுச்சு மாப்ள, நீ கை வெச்ச பிறகு வாயே தொறக்க மாட்டேங்குது."

பிரிச்சதும் பூட்டினதும்

கம்ப்ரஷன் பார்த்தேன். சிலிண்டருக்குள்ள காத்தை அமுக்குற அந்த அழுத்தம்தான் டீசல் வண்டிக்கு உயிர். உயிர் பாதிதான் இருந்துச்சு. புது கேம் போட்ட இடமாச்சே, வால்வு தொறக்குற நேரத்துக்கு வெக்குற டைமிங் மார்க் தப்பியிருக்குமோன்னு முன்பக்கத்தைப் பிரிச்சேன். மார்க் ஜம்முனு உக்காந்திருந்துச்சு. சிலிண்டர்ல கொஞ்சம் ஆயில் ஊத்திப் பார்த்தேன், கேஜ் முள்ளு ஏறல. அப்ப பிஸ்டன் ரிங் நல்லாருக்கு, காத்து வால்வு வழியாத்தான் போகுது. சிலிண்டர் ஹெட்டை இறக்கி, வால்வுகளைத் தேய்க்க லேத்துக்கு எடுத்துட்டுப் போனா, அங்க கரண்ட் இல்லை. அந்த வருஷம் கரண்ட் எப்ப இருந்துச்சு? ராப்பட்டினி கெடந்தவன் மாதிரி அங்கேயே உக்காந்திருந்தேன்.

எல்லாத்தையும் பூட்டினா கம்ப்ரஷன் முழுசா வந்துச்சு. சந்தோஷமா அனுப்பினேன். ரெண்டாம் நாளே பழைய குருடி கதவைத் தொறடின்னு வண்டி வந்து நின்னுச்சு. மறுபடி ஹெட், மறுபடி வால்வு, கேஸ்கெட்டும் புதுசு. பிரிக்குறதுக்கு முன்னாடி டேப்பெட் சந்தை மட்டும் அளக்கவே இல்லை. நான் வெச்ச டேப்பெட் எங்க போயிடப் போகுது? தொழிலே மறந்து போச்சோன்னு உண்மையிலேயே பயந்துட்டேன். அன்னிக்கு சோத்துத் தட்டை நங்குனு வெச்சா என் சம்சாரம்.

"ஊர்ல இருக்கறவன் வண்டியெல்லாம் ஓடுது, எங்கண்ணன் வண்டிக்கு மட்டும் உங்க கை வராதா?"

சீட்டுக்கு அடியில

இப்படி நின்னதெல்லாம் சிஸ்டர் கண்ணுல படாதது அதிர்ஷ்டம். திரும்பவும் வந்தப்ப, என்னமோ தோணி, மேல் மூடியை மட்டும் கழட்டி டேப்பெட் சந்துல அளவு பார்க்குற கேஜ் தகட்டைச் சொருகினேன். போகல. சந்துன்னு ஒண்ணு இருந்தாத்தானே போகும்? நட்டு மேல புதுசா ஸ்பேனர் தடம். "மச்சான், இதை யாராவது தொட்டாங்களா?"

மனுஷன் பெருமையா சிரிச்சுக்கிட்டே சீட்டுக்கு அடியில இருந்து ஸ்பேனரை எடுத்துக் காட்டினார். நான் வண்டியைத் திருப்பிக் குடுத்த ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குப் போனதும் டேப்பெட்டை முறுக்கி டைட் பண்ணியிருக்கார்! நான் தலையில கை வெச்சு உக்காந்துட்டேன். இரும்பு சூடானா நீளும், நீள இடம் இல்லைன்னா வால்வு மூடாது, காத்தெல்லாம் ஓடிப் போயிடும்னு கெஞ்சாத குறையா சொன்னேன். இனி தொட மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணார். ஸ்பேனரை மட்டும் குடுக்கல.

"ஓசியில சத்தத்தை நிறுத்திக் குடுத்தேன், அதுக்கு என்னையே கோவிச்சுக்குறியே மாப்ள!"

திங்கக்கிழமை

சரியா சந்து வெச்சு, சனிக்கிழமை நானே கூடப் போய் சிஸ்டர் முன்னாடி வண்டியை நிறுத்தினேன். நல்ல சூட்டுல ஆஃப் பண்ணி ஆன் பண்ணோம், தொட்டதும் கிளம்புச்சு. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. சிஸ்டர் தலையைச் சாய்ச்சுக் கேட்டுட்டு, "ஓடுது, சரி. அது என்ன சவரிமுத்து, டிக் டிக்னு? பேரன்ட்ஸ் பயப்படுவாங்களே"ன்னாங்க. நான் விளக்கினேன். "திங்கக்கிழமை பார்ப்போம்"னு உள்ள போயிட்டாங்க.

திங்கக்கிழமை காலையில ஸ்கூல் வாசல்ல காத்திருந்தேன். வேன் வந்துச்சு. டிக்கும் இல்லை, டக்கும் இல்லை, அப்படி ஒரு அமைதி. "மச்சான், ஆஃப் பண்ணாதீங்க!"ன்னு கத்திக்கிட்டே ஓடினேன். ஆஃப் பண்ணிட்டார். பிள்ளைங்க இறங்குச்சுங்க. வேன் வாசலை அடைச்சுக்கிட்டு அசையாம நின்னுச்சு. பின்னாடி நின்ன வண்டியெல்லாம் ஹாரன் அடிக்க, சிஸ்டர் படியில நின்னு பார்த்தாங்க. சாயங்காலம் பிள்ளைங்களை ஏத்த வேற வேன் வந்துச்சு. ட்ரிப் போச்சு.

காலையில அந்த ஹாரன் சத்தத்துக்கு நடுவுல மச்சான் என் காதுகிட்ட குனிஞ்சு கேட்டார்:

"நின்னதை விடு மாப்ள, சத்தம் வந்துச்சா? அதைச் சொல்லு."

எத்தனையோ இன்ஜினுக்குப் போன கம்ப்ரஷனைத் திரும்பக் கொண்டாந்திருக்கேன், மச்சான் கையில இருக்குற ஸ்பேனரை வாங்கத்தான் இன்னி வரைக்கும் எனக்கு சாமர்த்தியம் போதல.