நாற்பது ஓட்டைச் சில்லு

எங்கள் சைக்கிளின் பின்சில்லு உடைந்தது, நானாட்டான் வயல்களில் அரிவி வெட்டுத் தொடங்கிய கிழமையில்.

அப்போது நாங்கள் அரிப்பு என்ற கடற்கரை ஊரில் இருந்தோம். என் புருசன் கடலுக்குப் போவார். சண்டைக் காலம் என்பதால் ஆமி விட்ட நேரத்துக்குப் போய், சொன்ன நேரத்துக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். வந்த மீனில் விற்றது போக மிச்சத்தை நான் கீறி, உப்புப் போட்டுக் காய வைப்பேன். அரிவி வெட்டு வந்தால் அந்தக் கருவாட்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நானாட்டான் களங்களுக்குப் போவேன். கருவாட்டைக் கொடுத்து நெல்லை வாங்கி வருவேன். மூன்று கிழமைக்குள் ஏழெட்டுத் தரம் போய்வந்தால் அடுத்த வருசம் வரைக்கும் எங்கள் வீட்டுப் பானைக்குக் கவலை இல்லை. அதற்குப் பிறகு போனால் நெல்லெல்லாம் மூட்டையாகி லொறியில் ஏறியிருக்கும். களத்தில் காகந்தான் நிற்கும்.

வழியில் ஒரு மதகு குண்டுபட்டு உடைந்து கிடந்தது. அந்த இடத்தில் எப்போதும் இறங்கி உருட்டுவேன். அன்றைக்கு எதிரே உழவு மெசின் வந்தது. அதில் நாலைந்து ஆண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் சீலையைச் சரிபண்ணிக்கொண்டு இறங்கக் கூச்சப்பட்டு அப்படியே விட்டேன். ‘டக்’ என்றது. பின்சில்லு எட்டுப் போல மடிந்துபோனது. கருவாட்டுச் சாக்கைப் பக்கத்து வீடொன்றில் வைத்துவிட்டு, சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கி வீடு வந்து சேர்ந்தேன்.

அவர் சில்லைக் கழற்றிப் பார்த்தார்.

“நடுக்குடமும் கம்பியும் நல்லாத்தான் கிடக்கு. றிம் மட்டுந்தான் போயிட்டுது. முழுச்சில்லு வாங்க எங்களால ஏலாது. ஒரு றிம் வாங்கிக்கொண்டு வாரும், நான் கோத்துத் தாறன். பளபளப்பைப் பாத்து ஏமாந்து போகாதேயும்.”

போனமுறை பளபளப்பைப் பார்த்து வாங்கியது யார் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

அந்த நாளில் சைக்கிள் சாமான் எங்கள் பக்கம் இலேசில் வராது. நானாட்டானில் ஒரு கடைக்காரர் பழைய சைக்கிள்களைக் கழற்றி, நல்ல சாமானைத் தனித்தனியாக விற்றுவந்தார். அடுத்த வீட்டு மச்சாள், என் புருசனின் தங்கச்சி, தன்னுடைய சைக்கிளைத் தந்தாள். அவளே கூட வந்திருந்தால் கதை வேறு. அவளுக்கு வாய் உண்டு. ஆனால் அன்றைக்கு அவளுடைய பிள்ளைக்குக் காய்ச்சல். தனியாகத்தான் போனேன்.

கடை வாசலில் ஐந்தாறு ஆண்கள் குந்தியிருந்தார்கள். தொங்கிய ரயர்களுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். கடைக்காரர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“என்ன தங்கச்சி வேணும்?”

“றிம். இருபத்தெட்டு.”

“முன்னுக்கோ பின்னுக்கோ?”

என் லேஞ்சித் துணியில் ஒரு றிம்முக்குச் சரியான காசை முடிந்து வைத்திருந்தேன். இவள் கடன் சொல்ல வந்தவள் என்று நினைக்கிறாரே என்று எனக்கு முகம் சுட்டது.

“முன்னுக்கு” என்றேன். உடனே லேஞ்சியை அவிழ்த்துக் காசை மேசையில் வைத்தேன். அவர் ஒரு றிம்மை எடுத்துத் தந்தார். உள்ளே வெளியே ஒன்றும் பார்க்காமல், அத்தனை கண்களுக்கும் தப்பினால் போதும் என்று வந்துவிட்டேன்.

என் புருசன் வீட்டு முற்றத்தில் இருந்து கம்பி கோக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் நிறுத்தி, ஓட்டைகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

“இஞ்சாரும், இது முன்சில்லு றிம். முப்பத்திரண்டு ஓட்டை. பின்சில்லுக்குப் பாரம் கூட, அதுக்கு நாப்பது. மிச்ச எட்டுக் கம்பியையும் எங்க செருகிறது, என்ர மூக்குக்குள்ளயோ?”

அவர் ‘முன்சில்லு’ என்றதும் கடைக்காரர் கேட்டது என்னவென்று எனக்கு விளங்கிவிட்டது. சொல்ல வெட்கமாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மச்சாள் நான் பேசாததை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

“ஏமாத்திப் போட்டான் மச்சாள்! பிள்ளைக்குச் சுகம் வரட்டும், நான் வந்து கதைக்கிறன்.”

நாலு நாள் போனது. ஒவ்வொரு நாளும் வயலில் ஒரு துண்டு வெட்டி முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு கருவாட்டைப் புரட்டிப் புரட்டிப் போட்டேன். ஐந்தாம் நாள் மச்சாள் சைக்கிளை மிதிக்க, நான் றிம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் இருந்து போனேன்.

“அண்ணை, வாய் பேசாத ஆளெண்ட உடன தலையில கட்டிப்போட்டீங்களோ?” என்றாள் மச்சாள், சைக்கிளை நிறுத்துவதற்கு முன்னமே.

“ஆர் கட்டினது? முன்னுக்கோ பின்னுக்கோ எண்டு கேட்டனான். அவ முன்னுக்கெண்டு சொன்னவ. இவையள் சாட்சி.”

“ஓமோம், சாட்சி சொல்லத்தானே வேலைவெட்டி இல்லாமல் குந்திக்கொண்டிருக்கினம்!”

குந்தியிருந்தவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. கடைக்காரர் எழும்பினார்.

“வித்த சாமானை நான் திருப்பி எடுக்கிறதில்லை. போங்கோ.”

“வாங்கோ மச்சாள், உலகத்தில வேற கடை இல்லையோ” என்று மச்சாள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

வேறு கடை இருந்திருக்கும். வேறு காசு இல்லை. அந்த மனுசன் என்னால் கள்ளனாகி நிற்கிறார். வீட்டில் பானை இருக்கிறது. நான் மச்சாளிடமிருந்து கையை உருவிக்கொண்டேன்.

“அண்ணை, நீங்கள் காசைக் கேக்கிறீங்கள் எண்டு நினைச்சன்.”

“என்ன காசு?”

“காசு முன்னுக்குத் தாறதோ, பின்னுக்குத் தாறதோ எண்டு.”

ஓரத்தில் வெற்றிலை சப்பிக்கொண்டிருந்த கிழவர் சிரித்தார். அவருக்குப் பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மச்சாள், “அட கர்த்தரே!” என்று தலையில் கைவைத்தாள்.

“கடை துவங்கின நாளில இருந்து, காசு பின்னுக்குத் தாங்கோ எண்டு நான் ஆருக்கும் சொன்னதில்லைத் தங்கச்சி” என்றார் கடைக்காரர். அவருடைய கோபம் போய்விட்டது. என் தோளில் கிடந்த றிம்மைத் தானே கழற்றி வாங்கி வைத்தார்.

நாற்பது ஓட்டை றிம் இரண்டுதான் அவரிடம் இருந்தன. ஒன்று வெள்ளி நிறப் பெயின்ற் அடித்தது. மற்றது துருப்பிடித்தது, தூக்கினால் கனம். மூன்றுக்கும் விலை ஒன்றுதான், மாத்தி விரும்பினதை எடுங்கோ என்றார்.

“வெள்ளை மச்சாள், வெள்ளை” என்றாள் அவள்.

நான் இரண்டையும் வாங்கிக்கொண்டு சீமெந்துத் தரையில் குந்தினேன். கருவாடு வாங்கத் தெரிந்தவர்கள் முதுகைப் பார்ப்பதில்லை, வயிற்றைப் பிரித்துப் பார்ப்பார்கள். முதுகு மினுங்கும், உள்ளே புழு இருக்கும். றிம்முக்கு வயிறு, ரியூப் படுத்திருக்கும் உட்பக்கம். எங்கள் ஊர்ச் சைக்கிள்களில் கருவாட்டு உப்புத் தண்ணீர் வடிந்து இறங்குவதும் அங்கேதான். வெள்ளை றிம்மின் உள்ளே ஒவ்வோர் ஓட்டையாக நகத்தால் சுரண்டிக்கொண்டு போனேன். பத்தாவதோ பதினோராவதோ ஓட்டையில் பெயின்ற் பொருக்காகக் கழன்றது. அதன் கீழே மயிர் போல வெடிப்பு. தள்ளி இன்னொன்று. துருப்பிடித்ததைச் சுரண்டினேன். சிவப்புத் தூள் வந்தது, அதன் கீழே நல்ல இரும்பு. அதைத் தரையில் படுக்க வைத்துச் சுற்றிவர விரலால் அமத்திப் பார்த்தேன். ஓரிடமும் ஆடவில்லை.

அந்த ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்ததை எழும்பிய பிறகுதான் கண்டேன்.

“இதைத் தாங்கோ.”

கடைக்காரர் வெள்ளை றிம்மை வாங்கி, நான் சுரண்டிய இடத்தைத் தானும் பார்த்தார். “இதை நானும் காணேல்ல” என்று அதைப் பழைய இரும்புக் குவியலில் எறிந்தார்.

வீட்டில் என் புருசன் அன்றைக்கே கம்பி கோத்தார். கம்பிகள் ஒன்றையொன்று தாண்டும் இடமெல்லாம் வலை பின்னும் நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டார். ஒரு கம்பிக்கு வந்த பாரத்தைப் பக்கத்துக் கம்பியும் பிடிக்கும் என்றார். காசு ஏன் முன்னுக்கு என்று நினைத்தீர் என்று மட்டும் மூன்று தரம் கேட்டுச் சிரித்தார்.

பிந்திப் போனதால் அந்த முறை ஐந்து தரந்தான் போக முடிந்தது. மதகடியில் யார் வந்தாலும் இறங்கினேன். ஆமி மறிக்கும் சென்றியில் இறங்கச் சொன்னபோதும் இறங்கி உருட்டினேன். சில்லு நெளியவில்லை, நூல் முடிச்சு ஒன்றும் அறவில்லை. கொண்டுவந்த நெல் வருசம் முழுக்கப் போதவில்லை, கடைசி இரண்டு மாதமும் மாவும் மரவள்ளியுமாகப் போனது. அந்த றிம் அதற்குப் பிறகு நாலு அரிவி வெட்டுக் கண்டது.

அந்த முறை கடைசித் தரம் நெல் மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தக் கடையைத் தாண்டினேன். உள்ளே இருந்து குரல் வந்தது.

“தங்கச்சி, முன்னுக்கோ பின்னுக்கோ?”

குந்தியிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

“பின்னுக்குத்தான் அண்ணை” என்றேன், மூட்டை சரியாமல் மிதித்துக்கொண்டு.