நான் அடித்த வினாத்தாள்

கணக்குப் பரீட்சைக்குப் பயந்துதான் நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். வீட்டில் கஷ்டம், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று வேறு காரணங்களும் சொல்லலாம்; சொல்லியும் இருக்கிறேன். உண்மை என்னவென்றால், அரைப்பரீட்சை அன்று பள்ளிக்கூட வாசல் வரை போய், உள்ளங்கை வேர்த்துப் பேனா வழுக்கத் தொடங்கியதும் திரும்பி வந்தவள் நான். பிறகு போகவே இல்லை. அது எழுபதுகளின் நடுவில்.

அப்புறம் டைப் கற்றுக்கொண்டு, தேரடித் தெரு பக்கம் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் சேர்ந்தேன். ஸ்டென்சில் என்னும் மெழுகுத் தாளில் ரிப்பன் இல்லாமல் அடித்து, அதை சைக்ளோஸ்டைல் மெஷினில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் நூறு காப்பி வேண்டுமானாலும் வரும். சுற்று வட்டாரப் பள்ளிக்கூடங்களின் பரீட்சைத் தாள்கள் பாதிக்கு மேல் எங்களிடம்தான் வரும். எந்தப் பரீட்சையைப் பார்த்து ஓடினேனோ, அதையே நாள் முழுக்க அடித்துக்கொண்டிருந்தேன். கடையைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காவது முறையும் இழுப்பேன். அப்படிப்பட்ட சுபாவம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தம்பி பிளஸ் டூவுக்கு வந்தான். பிளஸ் டூ என்பதே அப்போது புதுசு. யாருக்கும் அதன் குணம் பிடிபடவில்லை. கணக்கில் தேறினால் கல்லூரி. தவறினால் ஜூன் மாதத்திலிருந்து போளூரில் மாமாவின் அரிசி மில்லில் நிற்க வேண்டும். மாமா அவனுக்கு ஒரு சைக்கிள்கூடத் தயாராக வைத்திருந்தார்.

தம்பியோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்து படித்தார்கள். ஒருவன் மெத்தைக் கடை பாயின் மகன். இன்னொருவன் அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வரும் விவசாயி வீட்டுப் பையன். மெத்தைக் கடையின் பின்பக்கம் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் படிப்பு. வீடு திரும்பும்போது தம்பி தலையில் பஞ்சு ஒட்டியிருக்கும்.

பாடத்தை மூன்றாகப் பங்கு போட்டிருந்தார்கள். தம்பிக்கு நுண்கணிதம், பாய் மகனுக்கு அணிகளும் கலப்பெண்களும், அடி அண்ணாமலைப் பையனுக்கு வெக்டரும் வடிவகணிதமும். அவனவன் தன் பங்கை முழுக்கப் படித்து மற்ற இருவருக்கும் நடத்த வேண்டும். கடைசியில் ஒரு மாதிரிப் பரீட்சை எழுதிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். ஆனால் கேள்வி போடுகிறவனே எப்படிப் பரீட்சை எழுதுவது?

பாய் மகன்தான் வழி கண்டுபிடித்தான். "ஆளுக்கு முப்பது கேள்வி எழுதி அக்கா கைல குடுத்துடுவோம். அவங்க அதுல பத்துப் பத்து எடுத்து பேப்பர் போடட்டும். யார் கேள்வியும் யாருக்கும் தெரியக்கூடாது."

"எனக்குக் கணக்கே வராதேப்பா" என்றேன்.

"அதுக்குத்தான்க்கா உங்கள கேக்கறோம்" என்றான் அடி அண்ணாமலைப் பையன். "தெரிஞ்சவங்க எடுத்தா சுலபமா பாத்து எடுத்துருவாங்க. நீங்க கண்ண மூடிக்கினு எடுப்பீங்க."

பரீட்சை முடியும்வரை யாரும் தன் கேள்வியை வாய்விட்டுச் சொல்வதில்லை என்று மூன்று பேரும் சத்தியம் செய்துகொண்டார்கள்.

முதலாளி அனுமதி கொடுத்தார். "மீந்துபோன ஸ்டென்சில்ல அடிச்சிக்கம்மா." அவர் தாராளமாகச் சொன்னதை நான் விபரீதமாகச் செய்தேன். பையன்கள் விளையாட்டாக எழுதிவிடுவார்களோ என்று கவலை. என்னைப்போல வாசலில் நின்று நடுங்காமல், அந்த நடுக்கத்தை இங்கேயே பட்டுத் தீர்த்துவிடட்டும் என்று நினைத்து, தலைப்பை அரசாங்கத் தாள் போலவே அடித்தேன். மேல்நிலைத் தேர்வு, பதிவெண் கட்டம், நேரம், மதிப்பெண், எல்லாம். நுண்கணிதத்தில் வரும் தொகைக் குறி மெஷினில் கிடையாது, எழுத்தாணியால் ஸ்டென்சிலில் கீறினேன். குறிப்புகளின் கீழ் மூன்றாவதாக, மனம் கேட்காமல், என் சொந்த வரி ஒன்றையும் சேர்த்தேன்: "பதற்றப்படாமல் முழுத்தாளையும் ஒருமுறை படித்த பிறகு எழுதவும்."

வியாழக்கிழமை காப்பி எடுத்தேன். முதல் நாலைந்து தாளில் எப்போதும் மை அப்பிக்கொண்டு வரும். பள்ளிக்கூட வினாத்தாள் என்றால் அந்தக் கெட்டுப்போன தாள்களைத் தனிச் சாக்கில் போட்டு, கொல்லையில் எரித்துவிட வேண்டும் என்பது கடையின் சட்டம். எரிந்த சாம்பலையும் குச்சியால் கிளறிப் பார்க்கிறவள் நான். இது பள்ளிக்கூட ஆர்டர் இல்லையே, வீட்டு வேலைதானே என்று சாதாரணக் குப்பையில் போட்டேன். அந்தக் குப்பை வாரத்துக்கு இருமுறை பக்கத்து போண்டாக் கடைக்குப் போகும், பொட்டலம் கட்ட.

திங்கட்கிழமை அரசாங்கப் பரீட்சை. ஞாயிறு காலை மாதிரிப் பரீட்சை. மூன்று தாள்களையும் துணிப்பைக்குள் வைத்து, பையின் வாயைப் பிடித்துக்கொண்டே மெத்தைக் கடைக்குப் போனேன். மூன்று பேரும் ஒரு நோட்டைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். புத்தகங்கள் மூடிக் கிடந்தன. முகத்தில் அப்படி ஒரு களை.

"மாதிரிப் பரீட்ச வேணாம்க்கா" என்றான் தம்பி. "ஒரிஜினல் பேப்பரே வந்துடுச்சு."

"எங்க?"

"பஸ் ஸ்டாண்டுல வெள்ளிக்கிழமையே வந்துகீது. செங்கம், போளூர் பசங்ககூட எழுதிக்கினு போய்ட்டாங்க. நேத்துலேர்ந்து இத மட்டும்தான் போட்டுக்கினு கீறோம்."

நோட்டை என் பக்கம் திருப்பினான். யாரோ ஒரு பையனின் அவசரமான கையெழுத்து. தலைப்பு, நேரம், மதிப்பெண். குறிப்பு ஒன்று. குறிப்பு இரண்டு. குறிப்பு மூன்று: பதற்றப்படாமல் முழுத்தாளையும் ஒருமுறை படித்த பிறகு எழுதவும்.

நான் குப்பையில் போட்ட தாள் போண்டாப் பொட்டலமாகி பஸ் ஸ்டாண்டு வரை போயிருக்கிறது. நாற்பது மைல் சுற்றளவில் முகம் தெரியாத பிள்ளைகளெல்லாம் என் கவலையைக் கை வலிக்க எழுதி வைத்திருந்தார்கள். பையிலிருந்து என் தாள் ஒன்றை எடுத்து நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மூன்று பேரும் இதையும் அதையும் பார்த்தார்கள்.

"இது நீ அடிச்சதா?" என்றான் தம்பி.

"ஆமா."

"என்னுது பத்து வந்துருந்துச்சுக்கா" என்றான் பாய் மகன் மெதுவாக. "சத்தியம் பண்ணதால வெளிய சொல்லல. கவர்மெண்ட்டுக்கும் நமக்கும் ஒரே மூளன்னு நெனச்சேன்."

"எனக்கும் பத்து" என்றான் அடி அண்ணாமலைப் பையன். தம்பி நோட்டில் தன் கேள்விகளை விரலால் எண்ணினான். அவனுக்கும் பத்துதான்.

அவனவன் தன் கேள்வி வந்திருப்பதைப் பார்த்து உள்ளுக்குள் பூரித்துப்போய், நேற்றிலிருந்து ஒருவனிடம் ஒருவன் மறைத்திருக்கிறான். யாராவது ஒருத்தன் வாய் தவறியிருந்தால் போதும், நேற்றே உண்மை தெரிந்திருக்கும். இந்த வயதில் இவ்வளவு நாணயமா என்று நினைத்தபோதே எனக்கு அழுகை வந்தது.

"முழுசா ஒரு நாள் போச்சு" என்றான் தம்பி. அவன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். பாய் மகன்தான் மூடிக்கிடந்த புத்தகத்தை இழுத்தான். "உக்காருடா. சாயந்தரம் வரைக்கும் நேரம் கீது. நீ தொகை நுண்கணிதத்துலேர்ந்து நடத்து, நான் கேள்வி கேக்கறேன்."

அவர்களை விட்டுவிட்டு வெளியே வந்தேன். மற்ற பிள்ளைகள்? கடைக்குக் கெட்ட பெயர் வரும், போலீஸ் வரும், வேலை போகும் என்று ஒவ்வொன்றாகத் தோன்றியது. அப்படித் தோன்றிக்கொண்டிருக்கும்போதே பையன்கள் படிக்க உட்காரும் அய்யங்குளத்துக்குக் கால் போய்விட்டது. படிக்கட்டில் நாலைந்து பையன்கள் கையில் ஒற்றைத் தாளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"அது நெஜமான பேப்பர் இல்லப்பா. என் தம்பிக்காக நான் டைப் அடிச்சது" என்றேன்.

முன்படியில் இருந்தவன், மீசை அரும்பாத பையன், என்னை மேலும் கீழும் பார்த்தான். "இன்னாக்கா, நீ கணக்கு வாத்தியாரா?"

"இல்லப்பா. நான் ஒம்பதாவதுதான்."

சிரிப்பு எழுந்தது. "ஒம்பதாவது படிச்சவங்க பிளஸ் டூ பேப்பர் போட்டாங்களாம்டா" என்றான் பின்னாலிருந்தவன்.

"தம்பிக்கு மட்டும் மார்க் ஜாஸ்தி வரணும்னு பாக்கறாங்கடா" என்றான் இன்னொருவன்.

"மூணாவது குறிப்ப பாருங்க. கவர்மெண்ட்டு அப்டி எழுதுமா?"

முன்படிக்காரன் அதைப் படித்தான். "நல்லாத்தான எழுதிக்கீறாங்க" என்றான். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அவன் பக்கத்தில் புத்தகமே இல்லை. மெஷின், ஸ்டென்சில், போண்டாக் கடை என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய் போலத்தான் இருந்தது.

மறுநாள் மதியம் பரீட்சை முடியும் நேரத்துக்குப் பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு அன்றுதான் ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்றேன். பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள். தம்பி கொண்டுவந்த தாளைப் பார்த்தேன், முழுக்க வேறு. எங்களுடையதிலிருந்து இரண்டே கேள்வி, அதுவும் எல்லாப் புத்தகத்திலும் இருப்பவை. ஆத்திரப்படுவார்கள், என்னைத் தேடுவார்கள் என்று மதில் ஓரமாக ஒதுங்கி நின்றேன். யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"லீக் ஆனது தெரிஞ்சு கடைசி நேரத்துல மாத்திட்டாங்கடா" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அய்யங்குளத்துப் பையனும் வந்தான். சட்டைப்பையில் அந்தத் தாள் இன்னும் இருந்தது. "நல்ல பேப்பருக்கா அது. பாவிங்க மாத்திட்டாங்க" என்று எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனான்.

ரிசல்ட் வந்த அன்று பேப்பர் கடையில் கூட்டம் தாங்கவில்லை. தேறியவர்களின் எண் மட்டும்தான் பேப்பரில் வரும். தம்பியின் எண் இருந்தது. அவன் கூட்டாளிகள் இருவரின் எண்களும் இருந்தன. தம்பி பேப்பரை என் கையில் கொடுத்துவிட்டு மெத்தைக் கடைக்கு ஓடினான்.

அய்யங்குளத்துப் பையனின் எண் எனக்குத் தெரியாது. எங்கள் ஊர் எண்கள் இருந்த பத்தியில் விரலை வைத்து, ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் விடுபட்டவற்றை ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிக்கொண்டு, வெயிலில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.