விழாத துண்டுகள்

மரியகொறற்றி கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்தாள். பல்கலைக்கழகத்தில் வானியல் படிப்பிக்கிறாள். பொழுது சாய்ந்த கையோடு தொடர்மாடியின் உச்சிக்கு ஏறி, பூமியைச் சுற்றியபடி கடலுக்கு மேலால் கடந்துபோகும் செய்மதிகளைக் கமெராவில் பிடிப்பாள். எது எந்த வழியில் போகிறது என்று கணக்கிட்டு, வெளிநாடுகளில் இதே வேலை பார்ப்பவர்களுக்கு அனுப்பிவைப்பாள்.

"மிஸ், எங்கட பிள்ளைகளுக்கும் ஒருநாள் காட்டுங்களேன்" என்று கீழ்வீட்டு லுத்பியா கேட்டாள். நல்ல வெளிச்சமாகத் தெரியட்டும் என்று, எப்போதோ ஏவிய ரொக்கெற் ஒன்றின், இன்னும் மேலே சுற்றிக்கொண்டிருக்கும் வெறுங்கூட்டைத் தெரிந்தெடுத்தாள் மரியகொறற்றி. பஸ் அளவு பெரிசு. ஒருநாளும் நேரம் பிசகாது.

"தெற்கால, தெஹிவளைப் பக்கமிருந்து ஒரு வெள்ளைப் புள்ளி வரும், பாருங்க" என்று உச்சியில் கூடிய பிள்ளைகளுக்குச் சொன்னாள்.

சொன்ன நேரத்துக்கு முந்தியே பிள்ளைகள் கூவினார்கள். ஒரு புள்ளி எழும்பியது. பின்னால் இன்னொன்று. பிறகு மூன்று, நாலு, மினுங்கி மினுங்கி அணைந்தபடி.

"வாணம் மாதிரி!" என்று பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மரியகொறற்றி பைனாகுலரைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். புள்ளிகளுக்கிடையில் பொடிப்பொடியாக இன்னும் எத்தனையோ. முந்தநாள் அந்தக் கூட்டை முழுசாகப் படமெடுத்தவள் அவள்.

"என்ன மிஸ், முகமெல்லாம் வெளிறிப்போச்சு?"

"அது உடைஞ்சிட்டுது, லுத்பியா."

"யா அல்லாஹ்! எங்கட தலையில விழுமா?"

"விழாது."

லுத்பியா ஆறுதலாக மூச்சு விட்டாள்.

"விழாததுதான் பயம். கீழ வந்தால் அனேகமா எரிஞ்சுபோயிடும். அந்த உயரத்தில இருந்தா, இந்தப் பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகும் சுத்திக்கொண்டே இருக்கும். துவக்கால சுட்ட சன்னத்தை விட வேகம். வழியில எது அம்பிட்டாலும் அதையும் நொறுக்கும்."

பிள்ளைகள் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

கமெராவில் பிடித்த படங்களை அன்று இரவே வெளிநாட்டவர்களுக்கு அனுப்பினாள். தான் ஏமாந்திருக்க வேண்டும், யாராவது பிழை என்று எழுதவேண்டும் என்று ஆசைப்பட்டாள். விடிந்ததும் பதில் வந்தது: உண்மைதான், வேறு நாட்டிலும் கண்டிருக்கிறார்கள். கூட்டுக்குள் மிச்சமிருந்த எரிபொருள் வெடித்திருக்கலாமாம்.

அந்தக் கிழமையே, அதே உயரத்தில் ஓடிய ஒரு வானிலைச் செய்மதியை, துண்டுகளில் முட்டாதபடி, அதை இயக்குபவர்கள் விலத்தி எடுத்தார்கள். அவளுடைய படங்களும் உதவியதாக நன்றி எழுதியிருந்தார்கள். அதை வாசித்தும் அவளுக்குச் சந்தோசம் வரவில்லை. பெரிய துண்டுகளுக்கு வழி கண்டாயிற்று. சின்னவை எந்தக் கமெராவுக்கும் அம்பிடாது.

பின்னேரங்களில் இப்போதும் மேலே ஏறுகிறாள். ஒவ்வொரு முறையும் முதற் புள்ளி எழும்பும்போது, பின்னால் இன்னொன்று வருகிறதா என்று பார்க்கிறாள்.