தொட்டிக்குள் ஏழு கற்கள்

செம்மேட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் அப்சருக்கு ஓடை மீன்கள் மீது பைத்தியம். ஓடும் தண்ணீரில் வளர்ந்த மீன் நின்ற தண்ணீரில் பிழைக்காது என்று, 2001இல் கடைக்குள் கண்ணாடித் தொட்டி வைத்து, மூலையில் மோட்டார் பொருத்தித் தண்ணீரை வேகமாக ஓடவிட்டார். அடியில் போட, அரியூர் ஓடைக்கரையில் வரிசையாக இருந்த ஏழு வழவழப்பான கற்களை எடுத்து வந்தார். போட்டதும் தண்ணீர் மஞ்சளாகக் கலங்கியது. சேறு என்று நினைத்தார்.

மறுநாள், பழுதான மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அரியூர் விவசாயி குழந்தைசாமி வந்தார். தொட்டியைப் பார்த்தவர், வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

"பாய், இது நாங்க மஞ்ச பூசிக் கும்பிடற கன்னிமாருங்க."

"சத்தியமாத் தெரியாதுங்க! இப்பவே கொண்டுபோய் வெச்சர்றேன்." ஊரே திரண்டு வரும் இரைச்சல் இப்போதே காதில் கேட்பது போலிருந்தது அப்சருக்கு.

"எடுத்தது எடுத்ததுதானுங்க. ஆத்தாளுக இனி இங்கதான் இருப்பாளுக. ஓடுற தண்ணி மட்டும் நிக்கக்கூடாதுங்க. நின்னா..." குழந்தைசாமி முடிக்காமல் கும்பிட்டார்.

அப்சர் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே மேலே மின்விசிறி மெல்லச் சுற்றி நின்றது. கரண்ட் போய்விட்டது. சட்டைக் கையைக்கூட மடிக்காமல் தொட்டிக்குள் கையை விட்டுத் தண்ணீரைச் சுழற்றத் தொடங்கினார்.