குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாக

ஒளிந்து ஒளிந்து நடப்பதற்குச் சம்பளம் தருகிற நேர்மையான தொழில் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அதில்தான் நான் இருக்கிறேன். கோயம்புத்தூரில் நாலைந்து இளைஞர்கள் சேர்ந்து சொந்தமாக ஒரு வீடியோ கேம் செய்கிறார்கள். தூரத்துக் கிரகம் ஒன்றில் ஒரு சுரங்கம், அது முழுக்கக் காவல் ரோபோக்கள். ஒரு பெண் தன் முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு அங்கிருந்து தப்ப வேண்டும். கையில் ஆயுதம் கிடையாது. இருட்டும் சுவரும்தான் துணை. அதை ஆடிப் பார்த்து எங்கே ஓட்டை இருக்கிறது என்று சொல்வது என் வேலை. போடியில் வாடகை வீடு, தெருவைப் பார்த்த அறை, மூன்று வயது மகள் யாழினி. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அம்மாமார்களே, உங்களை நம்பித்தான் எழுதுகிறேன். பிள்ளை தூங்கிவிட்டாள். தாழ்ப்பாளையும் பார்த்துவிட்டேன்.

மலையிலிருந்து வந்தவர்

என் கணவர் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். சனிக்கிழமை இறங்கி, திங்கள் விடியற்காலை ஜீப்பில் ஏறிவிடுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் ஒரு குழாய்க்குள் நுழைகிறேன், ரோபோ பிடிக்கிறது. மறுபடி நுழைகிறேன், மறுபடி பிடிக்கிறது. “எதுக்குத் தெரிஞ்சே மாட்டுற?” என்றார். “மாட்டினாத்தாங்க சம்பளம்” என்றேன். திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த இளைஞர்களை நேரில் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்:

“ஒளிஞ்சு ஒளிஞ்சு மாட்டிக்கிறதுக்கா உங்க அப்பா உன்னைய கான்வென்ட்ல படிக்க வச்சாரு?”

அழாத பிள்ளை

என்னோடு தினமும் பேசுகிறவன் தினேஷ். ரோபோ எங்கே நிற்கும், எப்போது திரும்பும் என்பதெல்லாம் அவன் பொறுப்பு. முகத்தைப் பார்த்ததில்லை. கேமராவை இருவருமே போடுவதில்லை. அவன் பெயருக்கு மேல் ஒரு பூனைப் படம் இருக்கும். “தினேஷ், அந்தக் குழந்தை முதுகுல தொங்கிட்டே வருது, ஒரு தடவைகூட அழல. என் மக இந்நேரம் ஊரைக் கூட்டியிருப்பா” என்று புகார் சொன்னேன். அவன் பதறிப்போனான்.

“குழந்தை அழுதா ஆட்டமே முடிஞ்சு போயிருமுங்க்கா!”

ஜன்னல்

அந்தச் சமயத்தில்தான் ஒரு குரல் பதிவு போன் போனாகச் சுற்றியது. பிள்ளை பிடிக்கிறவர்கள் தேனிப் பக்கம் இறங்கியிருக்கிறார்களாம், பை மாட்டிக்கொண்டு வருவார்களாம், பிஸ்கட் கொடுப்பார்களாம். யார் பேசுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து ராசிங்காபுரத்தில் ஒருவனைப் பிடித்துவிட்டார்கள் என்றார்கள். ராசிங்காபுரத்தில் கேட்டால் போடியில் என்றார்களாம். நானும் நம்பினேன். யாழினியை வாசலுக்கு விடுவதை நிறுத்தினேன். பகலிலும் கதவைப் பூட்டினேன். பூட்டிய கதவுதான் எனக்கு வினையாயிற்று.

ஒருநாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தினேஷிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்: “பிள்ளையத் தூக்கிட்டு சுவரோரமாப் போனா ஒருத்தனும் பாக்கல. பின்வாசல்ல காவலே இல்ல.” திரும்பினால் ஜன்னலில் எதிர்வீட்டு ஈசுவரி அக்கா. ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்குகிறவர். நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிவந்து சில மாதம்தான். தோசை மாவு கொண்டுவந்திருந்தார். கிண்ணத்தை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் தெருப் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குள் போய்விட்டன. மறுநாள் குப்பை வண்டி வந்தபோது யாழினியும் என் பின்னாலேயே வந்துவிட்டாள். குப்பையைக் கொட்டிவிட்டுத் திரும்பினால், ஈசுவரி அக்கா என் மகள் முன்னால் குனிந்து, “ஆத்தா, இவுக ஒன் அம்மாதானா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று வயசுக்கு என்ன தெரியும்? என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “இல்ல” என்றாள். அவளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அக்கா நிமிர்ந்தார்.

“சும்மாதான் கேட்டேன் தாயி. காலம் கெட்டுக் கெடக்கு.”

அக்கா ஆடிய ஆட்டம்

இனி மறைத்துப் பயனில்லை என்று அவரைக் கையோடு கூட்டிவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். ஜன்னலில் கேட்ட பேச்சு இந்தப் பொம்மைப் பெண்ணைப் பற்றியதுதான் என்று விளக்கினேன். கல்யாண ஆல்பத்தையும் பிரசவ வார்டில் எடுத்த போட்டோவையும் எடுத்து வைத்தேன். அக்கா விளையாடியும் பார்த்தார். ஒளியத் தெரியவில்லை, நேரே போய் ரோபோவின் முன்னால் நின்றார். அது சுட்டது. “எடுபட்ட பய! கைப்பிள்ளக்காரிகிட்ட ஒன் வீரத்தைக் காட்டுறியா?” என்று திரையை அடிக்கப் போனார். சிரித்தேன். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. வாசற்படி இறங்கும்போது அக்கா நின்றார்.

“அதெல்லாம் சரி தாயி, அந்தப் பொம்மை தூக்கிட்டு அலையுதே, அது பெத்த பிள்ளதானா?”

பூனைக்கு முகம் வந்த நாள்

மழையில் கரண்டு ஏறி இறங்கி என் கம்ப்யூட்டர் புகைந்துபோனது. தேனியில் ஒரு கல்யாணத்துக்கு வரும் தினேஷே புதியதைக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னான். வந்தவனுக்கு வீடு தெரியவில்லை. எது என்று என்னிடம் கேட்பதற்காக ஒவ்வொரு கதவாகப் போட்டோ எடுத்திருக்கிறான். தோளில் பெரிய பை. என் மகளுக்கென்று கையில் பிஸ்கட் பாக்கெட்.

இரைச்சல் கேட்டு ஜன்னலைத் திறந்தேன். தெருவே கூடியிருந்தது. குரங்கணிக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு டிரைவர் முருகண்ணன் ஒருவனுடைய சட்டைக் காலரைப் பிடித்திருந்தார். கன்னத்தில் ஓர் அறை விழுந்திருந்தது. யாரோ கட்டை எடுக்கப் போனார்கள். “பேரு தினேஷாம், ஒன்னையத் தேடித்தான் வந்தேங்கிறான். பார்த்துச் சொல்லு, இவன ஒனக்குத் தெரியுமா?” என்று முருகண்ணன் என்னைக் கேட்டார்.

தெரியாது. அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. “அக்கா” என்றான், பயத்தில் அது தினேஷ் குரலாகவே இல்லை. வேறு எவனாவது அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு வந்திருந்தால்? யாழினி என் இடுப்பில் இருந்தாள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் முழுசாக பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர மாட்டான். தெரியும் என்றால் கதவைத் திறக்க வேண்டும்.

“கிணத்துல இறங்குற எடத்துல அந்த ரோபோ எதுக்குத் திரும்பிப் பாக்குது? அது தப்புதானே?” என்று கத்தினேன். தினேஷும் நானும் ஒரு வாரமாக மல்லுக்கட்டிய இடம் அது.

அவனுக்கு எங்கிருந்துதான் உயிர் வந்ததோ! “தப்பே இல்லைங்க்கா! அது தண்ணிச் சத்தத்துக்குத் திரும்புது. நீங்க கயித்த வேகமா விட்டா அது என்னங்க்கா பண்ணும்? எத்தனை தடவைதானுங்க சொல்றது!” காலரில் கை இருப்பதையே மறந்து, சைகையோடு விளக்கிக்கொண்டே போனான். தாழ்ப்பாளை நீக்கினேன். முருகண்ணன் கையை எடுத்தார்.

“விடுங்கப்பா, பிள்ள பிடிக்க வந்தவனுக்கு இம்புட்டு ரோசம் வராது.”

அன்றிலிருந்து தினேஷ் எப்போது அழைத்தாலும் கேமராவைப் போட்டு முகத்தைக் காட்டிக்கொண்டுதான் பேசுகிறான். நான்தான் இன்னும் போடவில்லை.