குளியலறையில் வளர்ந்த வெள்ளை இலை

எங்கள் தாமான் குடியிருப்பில் யாராவது வெளியூர் போனால் வீட்டுச் சாவியைத் திலகவதி அக்காவிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். பத்து பெரண்டாம் வட்டாரத்தில் எங்கள் வரிசையின் கடைசி வீடு அவருடையது. அதற்கு முந்தியது என்னுடையது. பாதி ஆயுளை ஒரு மின்னணுப் பேக்டரியில் கழித்து ஓய்வு பெற்றவர். அங்கே உதிரிப் பாகம் ஏதாவது காணாமல் போனால் வாசலில் எல்லோருடைய பையையும் கொட்டிப் பார்ப்பார்களாம். அக்காவின் பையை மட்டும் திறக்கச் சொல்ல மாட்டார்களாம். இதை அவரே என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நல்லவராக இருப்பது சரி, அதை ரேடியோ மாதிரி ஒலிபரப்ப வேண்டுமா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

கோயில் ஸ்டோர் ரூம் சாவியும் அவரிடம்தான். அரிசி மூட்டை, எண்ணெய் டின், பித்தளைப் பாத்திரம் எல்லாம் அந்த அறையில் இருக்கின்றன. சாவிக் கொத்தை இடுப்பில் செருகியிருப்பார். அவர் வருவதற்கு முன்னால் அந்தக் கிலுகிலுச் சத்தம் வந்துவிடும்.

இப்பேர்ப்பட்டவர்தான் திருடினார். அதுவும் ஒரு செடியின் நுனியை.

காரணம் பிள்ளைப் பாசம். மகன் கிஷன் பாச்சாங்கில் சாப்பாட்டுக் கடை போட்டிருந்தான். மத்தியானம் அக்கம்பக்கத்துக் கடைகளில் உட்கார இடமிருக்காது. இவன் மட்டும் ஈ ஓட்டிக்கொண்டிருப்பான். அக்கா வேண்டாத சாமி இல்லை. மணி பிளாண்ட் வைத்தால் வியாபாரம் எடுக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கியது ஆகாது. கேட்டு வாங்கியதும் ஆகாது. அடுத்தவர் வீட்டிலிருந்து அவருக்குத் தெரியாமல் கிள்ளி வந்து வைத்தால்தான் பலிக்கும். இது நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். மணி பிளாண்ட்டைக் கிள்ளுவதை யாரும் திருட்டில் சேர்ப்பதில்லை. என் வீட்டு வாசலில் தொங்கும் கொடி அடிக்கடி மொட்டையாகும், நானும் கண்டுகொள்வதில்லை. அதையே கிள்ளியிருக்கலாமே என்று பின்னால் அக்காவிடம் கேட்டேன். "ஒன் வீட்லயே காசு தங்கலையேம்மா" என்றார்.

ஆயர் குரோவில் கிருஷ்ணவேணி டீச்சர் வீட்டில் மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை பஜனை நடக்கும். டீச்சர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமான பிறகு அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். ஹாலில், வெயில் நேராக விழாத ஒரு சன்னலோரம், பாசி சுற்றிய கம்பில் ஒரு கொடி ஏறியிருந்தது. பார்த்தால் மணி பிளாண்ட் சாயல்தான். ஆனால் ஒவ்வொரு இலையிலும் பாதி பச்சை, பாதி பால் வெள்ளை. பெரிய வீட்டில் மணி பிளாண்ட்கூட உசத்தியாகத்தான் இருக்கும்போல என்று அக்கா நினைத்துக்கொண்டார். எல்லோரும் சுண்டலுக்காக அடுக்களைப் பக்கம் நகர்ந்தபோது அவர் மட்டும் பின்தங்கினார். நகத்தால் நுனியைக் கிள்ளி, கைக்குட்டையில் சுற்றி, பைக்குள் போட்டுக்கொண்டார். அந்தப் பையை அன்றைக்கும் யாரும் திறந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை பஜனைக் குழுவின் வாட்சப்பில் டீச்சர் ஒரு படம் போட்டார். நுனி போன கொடி. அது மணி பிளாண்ட் இல்லையாம். அதற்குத் தூரத்துச் சொந்தமாம். வாயில் நுழையாத ஏதோ பெயர். இந்த ஊரில் கிடைப்பதே அபூர்வமாம். வெளிநாட்டில் இருக்கும் மகன் ரவீந்திரன் கடைசியாக வந்தபோது ஒற்றை இலையோடு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனது. வீட்டில் பேச ஆளில்லாமல் டீச்சர் அதனோடு பேசிப் பேசி வளர்த்திருக்கிறார். யாராவது கை தவறித் தட்டியிருந்தால் சொல்லுங்கள், கோபிக்க மாட்டேன் என்று எழுதியிருந்தார்.

திலகவதி அக்கா அதற்கு அழுகிற முகம் மூன்று அனுப்பினார். எந்தக் கை செய்ததோ டீச்சர், பாவம் என்று கீழே எழுதவும் செய்தார். பிற்பாடு, கிள்ளியதை நினைத்துக் கூசியதைவிட அந்த மூன்று முகங்களை நினைத்துத்தான் அதிகம் கூசினார்.

அன்றே சொல்லியிருக்கலாம். மணி பிளாண்ட் என்றால் சிரித்து ஒப்புக்கொண்டிருப்பார். அது இல்லை என்று ஆனதும் ஒப்புக்கொள்ளத் துணிச்சல் வரவில்லை. தூக்கி எறியலாம் என்றால், பெற்ற பிள்ளை அம்மாவுக்குக் கொடுத்தது, மனம் வரவில்லை. கடையில் வைத்தால் ஊர் பார்க்கும். ஹாலில் வைத்தால் நான் பார்ப்பேன். கடைசியில் மாடிக் குளியலறையில், மங்கல் கண்ணாடிச் சன்னலுக்குக் கீழே ஒரு பாட்டில் தண்ணீரில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

கேவலம் என்னவென்றால், செடிக்கு அந்த இடம் பிடித்துப்போய்விட்டது. எந்நேரமும் ஈரக் காற்று, மட்டான வெளிச்சம். மளமளவென்று வேர் விட்டது. அக்கா ஒளிந்து ஒளிந்து யூடியூப் பார்த்துப் பாடம் படித்தார். மண் இறுகினால் வேர் அழுகிவிடும் என்று தேங்காய் மட்டைத் துண்டையும் சாத்தே இறைச்சி சுடுகிற கரியையும் உடைத்துக் கலந்து தொட்டியில் நட்டார். விரலை உள்ளே விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். ஏறுவதற்குக் கம்பு நட்டார். வெள்ளை இலை லேசில் கருகிவிடும் என்பதால் இளவெயிலை மட்டும் காட்டித் தொட்டியைத் திருப்பித் திருப்பி வைத்தார். துணியை நனைத்துப் பிழிந்து இலை இலையாகத் துடைத்தார். கிஷன் கைக்குழந்தையாக இருந்தபோதுகூட இவ்வளவு பதமாகத் துடைத்திருக்க மாட்டார்.

புது இலை சுருண்டு கிளம்பி மெல்ல விரியும். ஒவ்வொன்றும் முந்தியதைவிட வெள்ளை. விரிந்த இலையைப் பார்த்து அக்கா, சந்தோஷப்படலாமா கூடாதா என்றே தெரியாமல் அங்கே நிற்பாராம்.

அவர் கணவர் மருதமுத்து அண்ணன் எதுவும் கேட்கிற ஆளில்லை. "குளிக்கிறப்ப யாரோ பக்கத்துல நிக்கிற மாதிரியே இருக்குலா, நான் கீழ குளிச்சிக்கிறேன்" என்று மட்டும் சொல்லி, சோப்பை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார். கிஷன் கடையை மூடிவிட்டு ஒரு கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்தான். செடி மட்டும் சன்னலைத் தொட்டது.

இப்படியே போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை கோயில் செயலாளர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பெத்தம்மாள டீச்சர் வீட்ல வேலைய விட்டு நிப்பாட்டி ரொம்ப நாளாச்சாம், எனக்கு இப்பத்தான் தெரியும். என்னமோ வெலையான செடிய ஒடிச்சு பசார் மாலாம் சந்தைல வித்துருச்சாம். கேட்டா இல்லவே இல்லங்குதாம். ஸ்டோர் சாவி ஒங்ககிட்டதான இருக்கு. அது மேல ஒரு கண்ணு வச்சிக்குங்க."

பெத்தம்மாள் என் வயதுக்காரி. வாரம் ஒரு நாள் டீச்சர் வீட்டைக் கூட்டித் துடைத்தவள். வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் கோயிலில் காய் வெட்ட வருகிறவள். பஜனை நடந்த அன்று காலையிலும் அவள்தான் அந்த ஹாலைத் துடைத்திருக்கிறாள்.

செயலாளர் சொன்னதற்கு அக்கா தலையாட்டினார். பிறகு சமையற்கட்டுக்கு வந்தார். அரிசி போதவில்லை. ஸ்டோரைத் திறந்து, "உள்ள போயி எடுத்தாம்மா" என்று பெத்தம்மாளிடம் சொன்னார். அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"நீங்களே எடுத்துக் குடுத்துருங்கக்கா."

அன்று சாயங்காலம் என் வீட்டு வாசலில் அக்கா நின்றார். கையில் அந்தத் தொட்டி. நான் அதை அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

"ஷாந்தினி, காடிய எடு. ஆயர் குரோ போவணும்."

காரில் செடியை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நான் சிரித்துவிட்டேன். குளியலறைக் கதையைக் கேட்டுச் சிரிக்காமல் என்ன செய்வது. அக்கா சிரிக்கவில்லை. அவமானத்தில் அவர் முகம் சின்னதாகிப் போயிருந்தது.

டீச்சர் கதவைத் திறந்ததும் முதலில் செடியைப் பார்த்தார். பிறகுதான் எங்களைப் பார்த்தார். சன்னலோரத்தில் தாய்க்கொடி இன்னும் நின்றது. கிள்ளிய இடத்துக்குக் கீழே புதிதாகக் கிளைத்திருந்தது. புது இலை அத்தனையும் முழுப் பச்சை. வெள்ளை விடுகிற குணம் நுனியோடு போய்விட்டிருந்தது.

"நான்தான் டீச்சர் கிள்ளுனேன். மணி பிளாண்ட்னு நெனச்சிட்டேன்."

"கேட்டிருந்தா நானே வெட்டித் தந்திருப்பனே, திலகம்."

"கேட்டு வாங்குனா பலிக்காதுன்னு..." அக்கா பாதியில் நிறுத்திக்கொண்டார். சொல்லும்போது அவருக்கே கேட்கச் சகிக்கவில்லை.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அண்டைக்கு வந்த எல்லாரையும் ஒவ்வொருத்தரா நினைச்சுப் பார்த்தனான். உம்மை மட்டும் நினைக்கவே இல்லை. பெத்தம்மாள் இல்லையெண்டு அழுதவள். நான் நம்பேல்லை." தொட்டியைப் பார்த்து, "எனக்கும் வெக்கமாக் கிடக்கு" என்றார். தொட்டியை வாங்கிச் சன்னலோரம் வைத்தார். எங்களுக்குத் தேநீர் தரவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் சமையற்கட்டில், செயலாளரும் இருக்கும்போது, அக்கா எல்லோர் முன்னாலும் சொன்னார். செடியை எடுத்தது நான், பழி விழுந்தது பெத்தம்மாள் மேல் என்று ஒன்றுவிடாமல் சொன்னார்.

பெண்கள் சிரித்தார்கள். "இதுக்கா இம்புட்டு பேச்சு, ஒரு செடிதானலா" என்றாள் ஒருத்தி. மணி பிளாண்ட்டை யார்தான் கிள்ளவில்லை என்றாள் இன்னொருத்தி. செயலாளர்கூட, "நல்ல ஆளுக்கா நீங்க" என்று சிரித்துக்கொண்டே வெளியே போனார். அதே நுனி பெத்தம்மாள் கையில் இருந்தவரை திருட்டு. அக்கா கைக்கு வந்ததும் வேடிக்கை. காரில் நானும் சிரித்தவள்தான்.

திட்டியிருந்தால் அக்காவுக்கு ஆறியிருக்கும். சிரித்தது தாங்கவில்லை. இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை உருவி, காய் வெட்டிக்கொண்டிருந்த பெத்தம்மாளிடம் நீட்டினார்.

"இனிமே நீ வச்சிக்கம்மா."

பெத்தம்மாள் கையைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் வாங்கவில்லை.

"டீச்சர் வந்து கூப்ட்டாங்கக்கா. வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டேன். சாவி மட்டும் வேணாம். ஒங்ககிட்ட இருக்கறப்ப ஒரு சாமான் காணாப்போனா, அந்தச் சாமானத் தேடுவாங்க. எங்கிட்ட இருந்தா என்னையத்தான தேடுவாங்க."

சொல்லிவிட்டு மறுபடியும் கத்திரிக்காயை எடுத்து வெட்டத் தொடங்கினாள். அக்கா நீட்டிய கையோடு நின்றார். சாவி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் அதை இடுப்பில் செருகுவதில்லை. சத்தம் வராமல் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.